புதுப் புல்தரை: விதையா, கார்ப்பெட்டா, பிய்த்து நடுவதா? (மாதவரம், 500 சதுர அடி)

மாதவரம் பின்கட்டு · ஜூன் 11

எல்லோருக்கும் வணக்கம். மாதவரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு இருபத்தைந்து அடி இடம் காலியாக இருக்கிறது. பழைய குளியலறையும் சிமெண்டுத் தொட்டியும் இருந்த இடம். போன மாதம்தான் இடித்தோம். மகளுக்கு ஒன்றரை வயது, இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறாள். எங்கள் தெருவில் நாள் முழுக்க லாரி போகிறது, வாசலில் இறக்கிவிட வழியில்லை. அவள் விழுந்து எழுந்து விளையாட ஒரு புல்தரை போட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவும் சாயங்காலம் அங்கே நாற்காலி போட்டு உட்காருவார்.

ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ரெட்ஹில்ஸ் போகிற வழியில் ஒரு நர்சரியில் கேட்டேன், கொரியன் கார்ப்பெட் போடுங்கள், அதாவது வேரோடு பாய் மாதிரி வெட்டிச் சுருட்டி வரும் கொரியன் வகைப் புல், ஒரே நாளில் பச்சை என்றார்கள். ஆன்லைனில் விதைப் பாக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு மாமா, புல்லை வாங்கிப் பிய்த்து நட்டாலே போதும், எதற்குச் செலவு என்கிறார்.

வெயில் காலை ஒன்பது முதல் மூன்று வரை படும். கிழக்கே மூன்று மாடி வீடு. தண்ணீர் போர்தான். எது சரி?

கொளத்தூர் அல்லி · ஜூன் 11

நான் மூன்று வருஷத்துக்கு முன் கார்ப்பெட் போட்டேன் தம்பி. இன்றைக்கும் நன்றாக இருக்கிறது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். குழந்தைக்காக என்றால் காத்திருக்கவே வேண்டாம். ஆனால் இரண்டு விஷயத்தில் நான் அடிபட்டேன்.

ஒன்று, நர்சரி வண்டி காலையில் வருகிறோம் என்று சொல்லி மறுநாள் மதியம்தான் வந்தது. சுருட்டி அடுக்கியிருந்த புல்லுக்கு நடுவில் கையை விட்டால் சூடான இட்லிப் பானை மாதிரி ஆவி அடித்தது. நடு அடுக்கு முழுக்க மஞ்சள். அதில் கால்வாசி தேறவில்லை. வெட்டிய புல்லை அன்றைக்கே விரித்துவிட வேண்டும். வண்டி வருவதற்கு முன்பே தரை தயாராக, நனைந்து இருக்க வேண்டும்.

இரண்டாவது, புல்லோடு கோரையும் வந்தது. விரிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பாகக் கடலை அளவில் கிழங்கு தெரிந்தால் அந்தத் துண்டை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

விரிக்கும்போது செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாறி மாறி வர வேண்டும். இடைவெளியில் மணல் தூவி, பலகை வைத்து மிதித்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

ஒற்றியூர் உப்புக்காற்று · ஜூன் 12

முதலில் உங்கள் போர்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்கிற கணக்கு, எவ்வளவு என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் திருவொற்றியூர். எங்கள் போர் 2,400 காட்டுகிறது. வடசென்னையில் இது புதிதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறி எத்தனையோ வருஷமாகிறது. காட்டுப்பள்ளியில் 2010இல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, ஆனால் வீட்டு போருக்குள் ஏறிய உப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நான் முதலில் விதைதான் போட்டேன். பெர்முடா விதை, அதாவது நம் அருகம்புல்லின் இனம்தான். பன்னிரண்டாவது நாள் முளைத்தது. காலையில் சாய்ந்து பார்த்தால் பச்சைப் பூஞ்சை படர்ந்தது போல மெல்லிசாக, அவ்வளவு அழகு. மூன்றாவது வாரம் நுனியெல்லாம் வெந்த மாதிரி பழுப்பாகி, அப்படியே படுத்துவிட்டது. நட்டமென்று விட்டுவிடாமல் விசாரித்தேன். வளர்ந்த பெர்முடா உப்பை நன்றாகவே தாங்கும். முளைக்கிற குருத்துதான் தாங்காது. அதே இடத்தில் பிறகு வேரோடு புல்லை நட்டேன், அதே தண்ணீர்தான், பிடித்துக்கொண்டது.

டிடிஎஸ் 500-க்குள் என்றால் எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம். 2,000 தாண்டினால் விதையை மறந்துவிடுங்கள். உப்புத் தண்ணீரை மேலே தெளித்துவிட்டுப் போகாதீர்கள், இலையில் காய்ந்து உப்பு தங்கிவிடும். வேர் பிடித்த பிறகு தினமும் தூவுவதை விட, மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும்.

பெரம்பூர் மண்வெட்டி · ஜூன் 13

தம்பி, நான் ஒரு குடியிருப்பில் 26 வருஷம் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் தட்டச்சு செய்து தருகிறான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதையா கார்ப்பெட்டா என்று கேட்கிறீர்கள். குளியலறை இடித்த இடம் என்றும் சொல்கிறீர்கள். அந்த மண்ணில் சுண்ணாம்பும் சிமெண்டும் செங்கல் தூளும் ஒரு முழம் வரை இறங்கியிருக்கும். அதில் எந்தப் புல்லைப் போட்டாலும் மூன்று மாதத்தில் வெளுத்துப்போகும். எரு போடுவீர்கள், இரும்புச் சத்து தெளிப்பீர்கள், ஒன்றும் நிற்காது. முதல் ஒரு மாதம் புல்லை மறந்துவிட்டு மண்ணைக் கவனியுங்கள்.

ஒரு அடி ஆழத்துக்குக் கொத்துங்கள், முடிந்தால் ஒன்றரை அடி. கல், செங்கல் துண்டு, பிளாஸ்டிக் எல்லாம் சலித்து எடுங்கள். கட்டியை உடைக்க அவசரப்படாமல் பத்துப் பதினைந்து நாள் வெயிலில் விடுங்கள். அப்புறம் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஒரு வாரத்தில் களை முளைக்கும். பிடுங்குங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி களை, மறுபடி பிடுங்கு. இந்தச் சுற்றை இரண்டு தடவையாவது செய்தால்தான் கோரை அடங்கும். கோரையைத் தலையைக் கிள்ளினால் அதற்குக் கொண்டாட்டம். ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று மாலை கோத்த மாதிரி இருக்கும். சின்னக் கடப்பாரையைப் பக்கத்தில் இறக்கி மண்ணை நெம்பிவிட்டு, மெதுவாக இழுத்தால் மாலை அறுந்துபோகாமல் வரும். அறுந்த சத்தம் விரலில் தெரியும். தெரிந்தால் மறுபடி தோண்டுங்கள்.

மண் நிரப்ப வேண்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சவுடு இறக்காதீர்கள். ஏரியில் அள்ளிய சவுடு என்றால் அதில் கோரை நிச்சயம். சாம்பல் கலந்த மண்ணும் வேண்டாம். மேல் ஆறு அங்குலத்துக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டு எரு, அது போதும். ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. உங்கள் 500 சதுர அடிக்கு ஆறு அங்குலம் என்றால் 250 கன அடி, அதாவது இரண்டரை யூனிட். லோடுக்காரரிடம் யூனிட் கணக்கில் பேசுங்கள்.

இப்போது நடவு. என் கணக்கில் நம் பக்கத்துக்குப் பிய்த்து நடுவதுதான் சரி. ஒரு சதுர அடிப் புல்லை இரண்டுக்கு இரண்டு அங்குலத் துண்டாக வெட்டினால் 36 துண்டு வரும். ஆறு அங்குலம் விட்டு நட்டால் சதுர அடிக்கு நாலு துண்டு. ஆக ஒரு சதுர அடிப் புல் ஒன்பது சதுர அடியை மூடும். உங்கள் இடத்துக்கு 56 சதுர அடி வாங்கினால் போதும், கார்ப்பெட் என்றால் 500 வாங்க வேண்டும். நாலு அங்குலத்துக்கு நெருக்கி நட்டால் 125 சதுர அடி வேண்டும், சீக்கிரம் மூடும். கொரியன் மெதுவாகத்தான் ஓடும், அதற்கு நாலு அங்குலமே நல்லது. அருகு வகைக்கு ஆறு தாராளம்.

நடும்போது துண்டை மண்ணுக்கு மேலே வைத்துவிட்டு நகராதீர்கள். ஈர மண்ணில் இரண்டு விரலை இறக்கிக் குழி செய்து, புல்லின் வெள்ளைத் தண்டு மறையும் வரை வைத்து, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிறகு ஒரு இலையைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இலை கிழிய வேண்டும், துண்டு வரக் கூடாது. வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு முறையும் உண்டு. வேர்த் தண்டைப் பொடியாக நறுக்கி, பச்சைச் சாணம், மண், தண்ணீர் சேர்த்துக் கரைத்து, நனைந்த தரையில் ஒரு அங்குலக் கனத்துக்குப் பூசிவிடுவது. பெரிய மைதானத்துக்கு அப்படித்தான் செய்வோம். வீட்டுக்குள் குழந்தை இருக்கும்போது ஈயும் வாடையும் பத்து நாளைக்கு இருக்கும், அதனால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வியாசர்பாடி மேட்டுத்தெரு · ஜூன் 13

பெரியவர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். மட்டம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டில் நாலு நாள் தண்ணீர் நின்றது. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகிறது, வீடு பள்ளத்தில் போய்விட்டது. வடசென்னையில் பாதி வீட்டுக்கு இதே கதை. புல் போட்டு எட்டு மாதமாகியிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கொரியன் இருந்த பகுதி காலை வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது, அழுகிய வாடை. மூலையில் தானாக முளைத்திருந்த அருகு மட்டும் சேற்றுக்குள்ளிருந்து இரண்டு வாரத்தில் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அருகு மேல் தனி மரியாதை.

பத்து அடிக்கு ஒன்றே கால் அங்குலமாவது வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிவு வையுங்கள். ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பி, எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். மறுநாள் வரை நின்றால் கீழே களிமண். வடிகால் செய்யாமல் எந்தப் புல்லும் வேண்டாம்.

மாதவரம் பின்கட்டு · ஜூன் 16

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலைதான். முடிவுகள்:

போர் டிடிஎஸ் 1,150. குழித் தண்ணீர் இரண்டாவது தடவை இறங்க ஏழு மணி நேரம் ஆனது. மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தேன். அடியில் மணல் உடனே நின்றுவிட்டது, ஆனால் மேலே தண்ணீர் மறுநாளும் கலங்கலாகவே இருந்தது. களி அதிகம் என்று தெரிகிறது. கொத்தினால் மண்வெட்டிக்கு மூன்றாவது வெட்டிலேயே செங்கல் தட்டுப்படுகிறது. பெரியவர் சொன்னது அப்படியே.

ஒரு கேள்வி. அப்படியென்றால் கொளத்தூர் அக்கா சொன்ன கார்ப்பெட்டை நல்ல செம்மண் பரப்பி மேலே போட்டால் ஆகாதா?

பெரம்பூர் மண்வெட்டி · ஜூன் 16

ஆகும். ஆனால் களிமண்ணுக்கு மேல் வேறு மண்ணை அப்படியே கொட்டினால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கும். வேர் அந்த இடத்தில் நின்றுவிடும், கீழே போகாது. செம்மண்ணில் பாதியைக் கொட்டி, கொத்திய பழைய மண்ணோடு கலந்துவிட்டு, அதற்கு மேல் மீதியைப் போடுங்கள். கார்ப்பெட் என்றாலும் நடவு என்றாலும் இதுவே முறை.

கார்ப்பெட்டை நான் குறை சொல்லவில்லை. ஆறு மணி நேர வெயில் உங்களுக்கு இருக்கிறது, கொரியனுக்கும் அது போதும். ஆனால் மூன்று மாடி நிழல் விழுகிற கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு வெயில் போதாது. அங்கே எருமைப் புல்தான் நிற்கும், இலை அகலமாக இருக்கும், பார்வைக்கு முரடு. பிய்த்து நட்டால் இடத்துக்கு ஏற்ற மாதிரி வகை மாற்றி நடலாம். தப்பு நடந்தால் ஒரு கூடைப் புல்தான் போகும்.

எண்ணூர் கரைக்காரி · ஜூன் 17

பொடுதலையை யாருமே சொல்லவில்லையே! எங்கள் பாட்டி பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவாரே, அதே பொடுதலைதான். குளக்கரையில், வாய்க்கால் ஓரத்தில் தானாகப் படரும். உப்பு மண்ணும் தாங்கும், தண்ணீர் நின்றாலும் தாங்கும். வெட்டவே வேண்டாம். ஒரு கணு மண்ணில் பட்டால் வேர் விட்டுவிடும். என் வீட்டில் முன்பக்கம் முழுக்க அதுதான், இரண்டு கோடை தாண்டிவிட்டது.

ஆனால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்ன வெள்ளைப் பூ நிறையப் பூக்கும், அதற்குத் தேனீ வரும். குழந்தை வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில் வேண்டாம். சுவர் ஓரத்துக்கும் நடைபாதை இடுக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அயனாவரம் விதைக்காரர் · ஜூன் 18

விதையை எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள். நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெர்முடா விதைக்கு சதுர மீட்டருக்கு மூன்று கிராம் போதும். 500 சதுர அடி என்றால் 46 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 140 கிராம். எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குப் பொடி விதை. மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியைத் தெற்கு வடக்காகவும் தூவினால் திட்டுத் திட்டாக வராது. எறும்புதான் எதிரி. வரிசை கட்டி இழுத்துப் போய்விடும்.

ஆன்லைன் பாக்கெட்டில் வகையின் பெயர் பார்த்து வாங்குங்கள். புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் எல்லாம் குளிர் நாட்டுப் புல். வெளிநாட்டு வீடியோவில் இலையுதிர் காலத்தில் தூவு என்பார்கள், அது அவர்களுக்குச் சரி. இங்கே டிசம்பரில் முளைத்து பளபளவென்று நிற்கும், அக்னி நட்சத்திரம் வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது.

இன்னொன்று, எதை நட்டாலும் ஜனவரியில் நடுங்கள் என்பேன். மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும்.

வியாசர்பாடி மேட்டுத்தெரு · ஜூன் 18

இதில் எனக்கு உடன்பாடு இல்லை சார். ஜனவரியில் நட்டால் வேர் ஊன்றுவதற்குள் ஏப்ரல் வெயில் வந்துவிடும், அப்போது போர்த் தண்ணீரும் உப்பேறும். 2019 கோடையில் புழல் ஏரியே வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் ஜனவரியில் நட்ட புல் யாரிடமாவது மிஞ்சியதா? ஜூலைக் கடைசியில் நடுவதுதான் என் வழக்கம். சாயங்காலம் இடி மழை அடிக்கடி வரும். அக்டோபரில் பெருமழை தொடங்குவதற்குள் இரண்டரை மாதம் கிடைக்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். விதை என்றால் மட்டும் நீங்கள் சொல்வது சரி. ஜூலை மழை ஒரே அடியில் விதையை அடித்துக்கொண்டு போய்விடும்.

பெரம்பூர் மண்வெட்டி · ஜூன் 19

நடவுக்கு ஜூலை கடைசிதான். நானும் அப்படித்தான் செய்தேன்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். தம்பியின் 46 சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்தால் 230 லிட்டர். முதல் மூன்று வாரம் அதைக் காலை, மதியம் என்று பிரித்து ஊற்றுங்கள். மழை பெய்த நாளில் வேண்டாம். வெளியில் லாரித் தண்ணீர் வாங்கினால் 12,000 லிட்டர் ஐம்பது நாளைக்கு வரும். முதல் மூன்று வாரத்துக்கு மாடியில் விழுகிற மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஊற்றுங்கள், போர்த் தண்ணீரை அப்புறம் பழக்குங்கள்.

மாதவரம் பின்கட்டு · ஜூன் 20

முடிவு செய்துவிட்டேன். அருகு வகையை ஆறு அங்குலத்துக்குப் பிய்த்து நடுகிறேன். கிழக்கு ஓரம் மூன்று அடிக்கு எருமைப் புல். சுவர் ஓரத்துக்கு எண்ணூர் அக்காவின் பொடுதலை. ஜூலை முழுக்க மண் வேலை. மகளுக்கு அதுவரை ஒரு மூலையில் மணல் கொட்டிக் கொடுத்திருக்கிறேன், இப்போதைக்கு அதுவே அவளுக்குப் போதும் போலிருக்கிறது.

மாதவரம் பின்கட்டு · அக்டோபர் 5

இத்தனை நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். ஜூலை 27, 28 இரண்டு நாளும் நட்டோம். நான், மனைவி, பக்கத்து வீட்டு மாமா. கிட்டத்தட்ட இரண்டாயிரம் துண்டு. முதல் நாள் மாலை என்னால் முதுகை நிமிர்த்த முடியவில்லை, மாமா அறுபத்தெட்டு வயதில் அசராமல் நட்டார். அவர் நட்ட வரிசையில் ஒன்றுகூடப் போகவில்லை. என் வரிசையில் பெரியவர் சொன்ன இழுத்துப் பார்க்கும் சோதனையை அவசரத்தில் விட்டேன். அதில் முப்பது நாற்பது காய்ந்துவிட்டன. மறுபடி நட்டேன்.

கோரை மண் வேலையின்போது மட்டும் இரண்டு சாக்கு வந்தது. இப்போதும் வாரம் பத்துப் பதினைந்து முளைக்கிறது, கடப்பாரையோடு காலையில் ஒரு சுற்று போகிறேன். ஒரு மாதம் கழித்து சதுர மீட்டருக்குப் பத்து கிராம் யூரியா தூவி உடனே தண்ணீர் விட்டேன். ஆறாவது வாரம் முதல் வெட்டு, மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும், கையில் கத்தரியோடு. இப்போது முக்கால் தரை மூடிவிட்டது. ஓடுதண்டு ஒன்று நடைபாதைக் கல்லைத் தாண்டித் துளசி மாடம் வரை போயிருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு அம்மா அருகு வெளியே வாங்கவில்லை.

பெரிய மழைக்கு முன் என்ன செய்ய வேண்டும் ஐயா?

பெரம்பூர் மண்வெட்டி · அக்டோபர் 6

பெரிய மழைக்கு முன் எரு போடாதே தம்பி, கரைந்து தெருவுக்குப் போய்விடும். புல்லை ரொம்பக் குட்டையாக வெட்டாதே, இரண்டு அங்குலம் இருக்கட்டும். வடிகால் வாயில் இலை அடைக்காமல் பார்த்துக்கொள். ஈரமாக இருக்கும்போது யாரையும் மிதிக்க விடாதே, களிமண் இறுகிவிடும். மீதித் திட்டுகள் பொங்கலுக்குள் மூடிவிடும்.

ஒற்றியூர் உப்புக்காற்று · அக்டோபர் 6

உங்கள் துளசி மாடம் வரை ஓடிய தண்டை வெட்டத்தானே போகிறீர்கள்? எங்கள் வீட்டில் வடக்கு ஓரம் இன்னும் பாதி காலி. எனக்குத் தருவீர்களா?

மாதவரம் பின்கட்டு · அக்டோபர் 6

தாராளமாக அண்ணா. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் வெட்டித் தருகிறேன். சாக்கை நனைத்துக் கொண்டுவாருங்கள். அன்றைக்கே நட்டுவிட வேண்டும்.